கால் காட்டறேன்

ஜூலை 6, ஞாயிறு

மூன்றாவது வாரமாகப் பாலு அண்ணா காலைக் காட்டவில்லை.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் ஐம்பத்தேழு வயதுச் சர்க்கரைக்காரன். கட்டைவிரலில் காயம் பட்டதாக ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டான். ஆறிவிட்டதா என்று கேட்பது குற்றமா? ஞாயிறு பத்து மணிக்கு வீடியோவில் வருகிறான். "காலைக் காட்டு" என்கிறேன். "கால் காட்டறேன்டி தமா" என்கிறான். அதன் பிறகும் ஏதோ வருகிறது. என் லேப்டாப் ஸ்பீக்கரில் அது நசுங்கிப்போகிறது. மிச்சத்தை, ஜன்னலுக்கு வெளியே டாக்குரியா ஸ்டேஷனுக்கு வரும் லோக்கல் ரயில் விழுங்கிவிடுகிறது. நான் "என்ன?" என்பதற்குள் கொல்கத்தாவில் மழை எப்படி என்று கேட்டு முடித்துவிடுகிறான்.

அப்பாவுக்கும் கட்டைவிரலில்தான் ஆரம்பித்தது. முழங்காலில் போய் நின்றது. எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

என் வீட்டுக்காரர் ஸ்ரீநிவாஸ் வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார். "உன் காதுல தப்பில்லை, உங்கண்ணா பேர்லயும் தப்பில்லை. சவுண்ட்தான் மோசம்." லேப்டாப் மூலையில் ஒரு விளம்பரம் எட்டிப்பார்த்ததாம். ஒலியை மேம்படுத்தும் மென்பொருள். பதினான்கு நாள் இலவசம், பிறகு வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு. அந்த ஒரு ரூபாயிலேயே எனக்குச் சந்தேகம்.

"ஸ்பீக்கர் அதே பட்டாணி சைஸ்தானே? மாத்தாம எப்படி நன்னா கேக்கும்?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"அதுக்குத்தான் காலேஜ்ல சம்பளம் தரா." புள்ளியியல் கற்பிப்பவளிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறார்?

ஏற்றி, ஒரு கச்சேரியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். "மிருதங்கத்தோட தோல் கேக்கறது தமா! தோல்!"

ஜூலை 9, புதன்

அவர் குளிக்கப் போனபோது அதை அணைத்து வைத்தேன். வந்து உட்கார்ந்து கேட்டார். "நேத்திக்கு விட இன்னிக்கு இன்னும் தெளிவு. செட் ஆக ஒரு நாள் எடுக்கும் போலருக்கு."

நான் காபியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

இரண்டாம் ஆண்டு அனுராதா இன்றும் அசைன்மெண்ட் தரவில்லை. "கால் தேபோ, மேம்." நாளைக்குத் தருகிறாளாம். வங்காளியில் 'கால்' என்றால் நாளை. நேற்றுக்கும் அதே சொல்தான். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் தாமதம் என்று எதைச் சொல்வது?

நான் கோபப்பட யோக்கியதை இல்லை. இதே ஊரில், கிடர்பூர் குவார்ட்டர்ஸில் நாங்களும் அதைத் தமிழில் போட்டுக் குழப்பித்தான் வளர்ந்தோம். "கால் குளிக்கறேம்மா" என்பான் பாலு அண்ணா. "காலை மட்டும் நனைச்சுண்டு வந்தா முதுகுல வைப்பேன்" என்பாள் அம்மா.

ஜூலை 12, சனி

பரிசோதனை. அவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். நான் காசைச் சுண்டுவேன். தலை விழுந்தால் மென்பொருள் ஓடும், பூ விழுந்தால் ஓடாது. அதே மிருதங்கம், அதே அரை நிமிஷம், எட்டு முறை. ஓடுகிறதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும்.

நான்கு சரி. இன்னொரு காசைச் சுண்டியிருந்தால் அதுவும் நான்கு சொல்லியிருக்கும்.

"ஃபேன் சத்தம்" என்றார். பிறகு, "ரெண்டு இட்லி அதிகம்." கடைசியாக, "அவ்வளவு பேசறயே, நீ உக்காரு."

உட்கார்ந்தேன். எட்டில் ஏழு.

குருட்டாம்போக்கில் ஏழோ எட்டோ சரியாக வர வாய்ப்பு இருநூற்றைம்பத்தாறில் ஒன்பது. விடைத்தாளில் ஒருத்தி 'வித்தியாசம் உண்டு' என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அவரிடம், "ஒரு தடவை பண்ணினா ஒண்ணும் நிரூபணம் ஆகாது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

மென்பொருளை ஓடவிட்டுத்தான் கூப்பிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. "காலைக் காட்டு அண்ணா."

"கால் காட்டறேன்டி." அப்புறம் — மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்பு.

மூன்று வாரமாக நசுங்கிப்போனது சொல்லே இல்லை. சிரிப்பு.

அங்கே அழைப்பு மணி அடித்தது. எழுந்து போனான். செருப்புச் சத்தம். டப் — சர்ர். டப் — சர்ர். ஒரு கால் நடக்கிறது, இன்னொன்று இழுபடுகிறது.

கிடர்பூர் காலத்து அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாதா? கால் குளிக்கறேம்மா! ஒவ்வொரு வாரமும் நாளைக்குக் காட்டறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, திருடன்.

திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, பாதத்தைக் காட்டு."

"பாதமா?"

"பாதம். கணுக்காலுக்குக் கீழே இருக்குமே, அது. இப்பவே. அஞ்சு விரலும்."

"நெட்வொர்க் சரியில்லைடி, விட்டு விட்டுக் கேக்கறது..."

"எனக்கு உன் செருப்பு கேக்கறது."

காட்டினான். ஓரமெல்லாம் கறுத்து — வேண்டாம், எழுதவில்லை.

"ஏண்டா இப்படிப் பண்ணின? அப்பாவைப் பாத்தவன்தானே நீ?" நாற்பத்தொன்பது வயதில் முதல் முறையாக அவனை 'டா' போட்டேன்.

"பாத்ததாலதான். போனா எடுத்துடுவா, தமா."

சிரிப்பு இல்லை. அதுவும் தெளிவாகக் கேட்டது.

அவனுடைய எதிர் ஃப்ளாட் காமு மாமியை ஃபோனில் பிடித்தேன். அரை மணியில் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

அட்மிட் ஆகியிருக்கிறான். விரல் நிற்குமா என்று வெள்ளிக்கிழமைதான் சொல்ல முடியுமாம். நான் கிளம்பி வருகிறேன் என்றதற்கு, "நீ வந்தா டாக்டரையும் கேள்வி கேட்டே கொன்னுடுவ, அங்கயே இரு" என்கிறான்.

ஸ்ரீநிவாஸ் மிருதங்கம் போடவில்லை. நான் சொல்லாமலே.

ஜூலை 15, செவ்வாய்

வகுப்பில் 'நம்பிக்கை இடைவெளி' என்ற பாடம் நடத்தினேன். இடைவெளி மட்டும்தான் இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

விரல் இருக்கும்!

காமு மாமிதான் சொன்னாள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலோடு நின்றிருக்காது என்றாராம் டாக்டர். ஒரு மாதம் கட்டு மாற்ற வேண்டும். "உங்கண்ணா டாக்டர்கிட்டயே 'கால் வரேன்'ங்கறார்டி. அவர் 'காலோடதானே வருவேள், அதுக்குத்தானே இவ்வளவு பாடு'ங்கறார். பாவம், உங்காத்து பாஷை அவருக்கு என்ன தெரியும்?"

சிரித்தேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

இலவசம் இன்றோடு தீர்கிறது. காலையிலிருந்து மூலையில் அந்தப் பெட்டி துடித்துக்கொண்டிருக்கிறது.

நேர்மையாக யோசிக்க வேண்டும். அது இல்லாமலே அந்தச் சிரிப்பு கேட்டிருக்குமா? ஒருவேளை அன்று லோக்கல் தாமதமாக வந்திருக்கலாம். ஒருவேளை அண்ணா சற்று உரக்கச் சிரித்திருக்கலாம். ஒருவேளை முந்தைய வாரங்களில் நான் கேட்காமல் பேசிக்கொண்டே இருந்திருக்கலாம். ஒரே ஒரு ஞாயிறை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று இருபது வருஷமாகப் பிறருக்குச் சொல்லிவருகிறேன்.

ஸ்ரீநிவாஸ் விசாரித்தார். "வேண்டாம். எல்லாம் விளம்பரம்" என்றேன்.

"உங்கண்ணா கால் பொழைச்சதே அதாலதானே?"

"அது என் காதால."

எட்டில் நான்கு வாங்கியவர்; பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

கேட்காமலே காட்டினான். கேமராவுக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்ததில், திரை முழுக்கக் கட்டுப்போட்ட கட்டைவிரல்.

"போறுமா?"

"கொஞ்சம் தள்ளி வை. முகம்னு நினைச்சுட்டேன்."

மூக்கு வழியாக அந்தச் சிரிப்பு. பிறகு ஃபோனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு நடந்து காட்டினான். டப். டப். டப்.

மதியம் ஸ்ரீநிவாஸ் கச்சேரியைப் போட்டார். ஐந்து நிமிஷம் கேட்டார். முகம் சுருங்கியது.

"பாத்தியா? அது போனதும் தகர டப்பா மாதிரி ஆயிடுத்து. மிருதங்கத்துல தோலே இல்லை."

"ஆமா" என்றேன்.

பணத்தைச் செவ்வாய்க்கிழமையே கல்லூரியில் உட்கார்ந்து கட்டிவிட்டேன். மென்பொருள் ஓடுகிறது என்று வலது மூலையில் சின்னப் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

கால் சொல்கிறேன்.