வயர் பிடித்து நடந்தவள்

ஜூன் 4

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் வாண்டு சொல்லியிருப்பாள். விடுதிச் சாப்பாட்டைத் திட்டுவதற்கென்றே நம் மகள் தினமும் எனக்குப் போன் செய்கிறாள். நாம் இருவரும் போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் சண்டை வரும் என்பதால்தான் இந்தக் கடிதம். தனித்தனியாக இருக்க ஆரம்பித்தபோதே எடுத்த முடிவுதானே.

விஷயம் இதுதான். கம்பெனியில் வருடாந்திர உடல் சோதனை நடந்தது. இந்தத் தடவை இடுப்பிலும் இரண்டு கணுக்காலிலும் தீப்பெட்டி அளவில் சென்சார் கட்டி, ஒரு நீளமான அறையில் போகவும் வரவும் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். அதைக் கம்ப்யூட்டர் என் பழைய நடையோடு ஒப்பிட்டதாம். வேலையில் சேர்ந்தபோது உன் ஆய்வகத்தில் எடுத்துக் கொடுத்தோமே, அந்தப் பதிவு. "நடை ரொம்ப மாறியிருக்கு சார். நரம்புல ஏதாவது இருக்கலாம். இல்லேன்னு தெரியற வரைக்கும் உயரத்துல ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டார் கம்பெனி டாக்டர்.

இப்போது வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறேன். தலைக்கு மேலே என் கிரேன் நிற்கிறது. வேறொருவன் ஓட்டுகிறான், பிரேக் போடும்போதெல்லாம் சரக்கை ஊஞ்சல் ஆட்டுகிறான். மாதக் கடைசிக்குள் எனக்குச் சரியென்று எழுதி வராவிட்டால் கிரேன் அவனுக்குத்தான்.

அறிக்கையை இணைத்திருக்கிறேன். ஏதாவது இருந்தால் சுற்றி வளைக்காமல் சொல்.

இப்படிக்கு,
தரையில் நிற்கும் கிரேன்காரன்


ஜூன் 9

வாண்டுவின் அப்பாவுக்கு,

சுற்றி வளைக்கவில்லை: எனக்கு இன்னும் தெரியவில்லை. நரம்பு நோய் என்றால் பொதுவாகக் காலடி சுருங்கும், திரும்பும்போது ஆள் தயங்குவார். உங்கள் அறிக்கை நேர்மாறாக இருக்கிறது. காலடி நீண்டிருக்கிறது. முன்பு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கணம் நின்றிருக்கிறீர்கள், இப்போது நிற்பதே இல்லை. பயப்பட வேண்டியதாகத் தோன்றவில்லை. ஆனால் எனக்குத் தோன்றுவதை நம்பி உங்களை அவ்வளவு உயரத்தில் ஏற்ற மாட்டேன்.

அன்று என்ன செருப்பு? சென்சாரைத் தலைகீழாகக் கட்டிவிட்டார்களா? சட்டைப் பொத்தான் போடச் சிரமம் உண்டா? எங்காவது தடுமாறினீர்களா?

கோபப்படாமல் எழுதுங்கள். "பொண்டாட்டி மாதிரி பாக்காம பேஷன்ட் மாதிரி பாக்கறே" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. இந்த ஒரு முறை நீங்கள் பேஷன்ட்தான்.

வாண்டுவின் அம்மா


ஜூன் 13

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

செருப்பு இல்லை, வழக்கமான ஷூ. சென்சார் கட்டிய நர்ஸ் இரண்டு முறை சரிபார்த்தார். பொத்தான் போடுவது மட்டுமில்லை, இப்போதெல்லாம் அறுந்த பொத்தானைத் தைப்பதும் நானேதான். ஊசியில் நூல் முதல் தடவையிலேயே நுழைகிறது. தடுமாறியது ஒரே ஒரு முறை, வாடகை வீட்டுப் படியில். அங்கே பல்பு இல்லை. அதற்குக் காரணம் நரம்பு இல்லை, வீட்டுக்காரர்.

வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, தனியாக உட்கார்ந்திருக்கும்போது கையை நீட்டி நடுங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். வாண்டுவிடம் சொல்லாதே.

கிரேன்காரன்


ஜூன் 18

அன்புள்ள வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்களுக்கு நோய் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

பழைய பதிவைத் தேடி எடுத்தேன். இத்தனை வருடமும் அதில் எண்களை மட்டுமே பார்த்திருக்கிறேன். கூடவே எடுத்த வீடியோவை நேற்றுதான் திறந்தேன். அப்போதைய சென்சார்களுக்கு வயர் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? நடப்பவரின் பக்கத்திலேயே ஒருவர் அந்த வயர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அன்று தூக்கியவள் நான்.

உங்கள் தோள் உயரம்கூட நான் இல்லை. என் கால் விழும்போதுதான் உங்கள் காலும் விழுகிறது. அறையின் இரு முனைகளிலும், நான் வயரைச் சுற்றிக் கொண்டுவரும் வரை நின்று திரும்புகிறீர்கள். கம்பெனியில் வயர் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. அதனால் உங்கள் நடையில் நடந்திருக்கிறீர்கள். இரண்டு பதிவும் சரிதான். ஒப்பிட்டதுதான் தப்பு.

மனைவியின் வார்த்தை கம்பெனிக்குப் போதாது. வியாழக்கிழமை ஆய்வகத்துக்கு வாருங்கள். வேறொரு டாக்டர் புதிதாகப் பதிவு செய்து எழுதித் தருவார். நான் அந்த அறையில் இருக்க மாட்டேன்.

நாம் பிரிவதற்கு முந்தைய வாரம், "உனக்காக எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கேன்" என்றீர்கள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கே தெரியாத ஒன்றை நீங்கள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

பழைய பதிவை இனி உங்கள் இயல்பு நடையாக வைக்க முடியாது. அழிக்கலாம், இல்லையென்றால் 'உதவியுடன் நடந்தவை' என்ற பிரிவுக்கு மாற்றலாம். எதுவானாலும் உங்கள் சம்மதம் வேண்டும்.

வாண்டுவின் அம்மா


ஜூன் 29

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

இதைக் கேபினில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் ஆய்வக டாக்டரின் கடிதத்தைப் பார்த்ததும் கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்றவன் சாவியைக் கொடுக்கும்போது, "அண்ணே, இது ரொம்பத்தான் முரண்டு பண்ணுது" என்றான். "எங்கிட்ட பண்ணாது" என்றேன்.

அந்தப் பதிவை அழிக்க வேண்டாம். பிரிவை மாற்றிவிடு. ஆனால் யார் யாருக்கு உதவி செய்தது என்று எழுத அதில் இடம் இருக்கிறதா?

இன்னொன்று. வியாழக்கிழமை சோதனை முடிந்ததும் நீ பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாயே, பாதித் தெரு போன பிறகுதான் பின்னால் உன் பையின் சத்தம் கேட்டது. ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாய். கூப்பிடவும் இல்லை. தனியாக நடந்து நடந்து என் நடை இப்படி ஆகிவிட்டது. நின்றேன், நீ வந்து சேர்ந்தாய். அதற்குப் பிறகு நான் எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ கவனித்திருப்பாய். பழையபடி வந்ததா, வரவில்லையா? உள்ளதை எழுது.

கிரேன்காரன்


ஜூலை 3

அன்புள்ள உங்களுக்கு,

கவனிக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் பல்புக்காகப் போட்ட சண்டையை அவர் குரலிலேயே நடித்துக்கொண்டு வந்தீர்கள். நான் சிரித்துக்கொண்டு வந்தேன். உங்கள் காலையும் பார்க்கவில்லை, என் காலையும் பார்க்கவில்லை. நிறுத்தம் வந்ததே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாண்டு வருகிறாள். நீங்களும் வாருங்கள். நிறுத்தத்தில் வந்து நிற்கிறேன். வர இருட்டிவிட்டாலும் பரவாயில்லை, நம் வீட்டுப் படியில் பல்பு எரிகிறது.

உங்கள்,
விஞ்ஞானி