ராணியின் வாளும் எங்கள் செவலையும்

12.02.1979

இன்றும் ஒரு வாள் வந்து சேர்ந்தது. மரம் அறுக்கிற வாள்தான். புயல் நம் ஊரில் கூரைகளைக் கொண்டுபோனது. என் கணவருக்கு மட்டும் வாள்களைக் கொண்டுவந்து கொடுக்கிறது. விழுந்த தென்னைகளை அறுக்க எல்லாரும் பரணிலிருந்து பழைய வாள்களை இறக்க, இவர் வீடு வீடாகப் போய்ப் பழையதாகப் பார்த்து வாங்கி வருகிறார். கந்தோரில் எழுதுகிற வேலை பின்னேரம் நாலு மணிக்கு முடிகிறதே, வேறென்ன செய்வார்?

17.02.1979

இன்று எனக்கு வாள் பாடம் நடத்தினார். முதுகின் நுனியில் சின்ன மூக்கு இருந்தால் பழைய வாள். பிடியில் பித்தளை ஆணி கூடக் கூட உயர்ந்த சாதி. பிடி ஆப்பிள் மரமாம். ஆப்பிளையே இவர் நோயாளி பார்க்கப் போகும்போதுதான் கண்டிருக்கிறார்.

25.02.1979

தங்கச்சி கமீலாவுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நோன்புக்கு முதல் நிக்காஹ் முடியவேண்டும், இல்லாவிட்டால் வேறிடம் பார்ப்பார்களாம். பெண்ணுக்கு வீடில்லாமல் இந்த ஊரில் நிக்காஹ் ஏது? வாப்பா சுவர் வரை எழுப்பினார். கூரைக்கு முன் புயல் வந்தது. அன்று சவளக்கடையில் எங்கள் வயல் வாடிக் குடிலில் படுத்திருந்தவர், மையித்தாகத்தான் வந்தார்.

சரீப் ஓடாவி கூரை மரவேலைக்கு வரத் தயார். "என்ட வாளெல்லாம் புயலோட போயிற்று தங்கச்சி. ஒரு வாள் தந்தா நாளைக்கே துவங்குவன்" என்றார்.

எங்கள் சுவரில் ஆறு தொங்குகின்றன. இவர் சொன்ன மறுமொழி: "தென்னை மரத்தில வெச்சா பல்லுப் போயிடும்."

பல்லுப் போகட்டுமே! என் தங்கச்சியின் வாழ்க்கையே போகப் பார்க்கிறதே!

26.02.1979

கோபம் ஆறவில்லை. சோறு மட்டும் வைத்தேன்.

11.03.1979

இவர் சவளக்கடைக்குப் போய், சாரனில் எதையோ சுற்றிக் கொண்டுவந்து அலுமாரியில் பூட்டினார். முகத்தில் பெருநாள். சின்னப்போடி என்ற வெள்ளாமைக்காரர் வாய்க்கால் சேற்றில் கண்டெடுத்த வாளாம். "உங்கட சாமான்தானே தம்பி, கொண்டு போங்க" என்று சும்மாவே கொடுத்தாராம்.

"பாவம், அதுட பெறுமதி தெரியா. நான் ஏமாத்தலாமா?" என்று கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி அந்த மனிதரிடம் திணித்துவிட்டு வந்திருக்கிறார். கலியாணத்துக்கு வாப்பா போட்ட மணிக்கூடு. என்ன நீதி, என்ன நேர்மை!

30.03.1979

பிடியிலிருந்த அழுக்கைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்தே எடுத்துவிட்டாராம். சுட்ட முத்திரை ஒன்று தெரிகிறதாம். கிரீடமும் நங்கூரமுமாம். இங்கிலாந்து ராணியின் கப்பல் தளத்துக்கென்று செய்த வாளாம். ராணி இங்கே சவளக்கடையில் என்ன கப்பல் கட்டினார் என்று கேட்டேன். "உனக்கு வெளங்காது" என்றார்.

08.04.1979

இன்று என்ன நினைத்தாரோ, "இஞ்ச வந்து பாரு" என்று பூதக்கண்ணாடியைத் தந்தார். கண்ணாடி தேவைப்படவில்லை.

வட்டம். கீழே இரண்டு வளைந்த கால். எங்கள் மாடுகளுக்குச் சுடுகிற குறி. களவு போகாமலிருக்க வாப்பா மண்வெட்டி, கோடரி எல்லாவற்றின் பிடியிலும் அதே குறிக்கம்பியால் சுடுவார். மாட்டுப்பட்டிக்குக் கட்டை அறுக்கவென்று அந்த வாளை வாடிக்குக் கொண்டுபோயிருந்தார்.

"இது வாப்பாட வாள்" என்றேன். "நம்புறல்லண்டா செவலைட தொடையப் போய்ப் பாருங்க."

இவர் பாலமுனையிலிருந்து வந்தவர். எங்கள் குறி தெரியாததில் குற்றமில்லை. ஆனால் ஆறு வருஷமாக அந்தப் பசுவின் பாலில்தானே தேத்தண்ணி குடிக்கிறார்!

போனார். கண்ணாடியும் கையுமாகப் பிடியையும் தொடையையும் மாறி மாறிப் பார்த்தார். செவலை உதைக்காதது அதன் பெருந்தன்மை. சவளக்கடையில் மாடு வைத்திருக்கிற எவருக்கும் அந்தக் குறி தெரியும். 'உங்கட சாமான்' என்று சின்னப்போடி உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். வாப்பாவின் மணிக்கூட்டைக் கொடுத்து வாப்பாவின் வாளை வாங்கி வந்திருக்கிறார் என் ஆராய்ச்சியாளர்.

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகைதான் வந்தது.

09.04.1979

விடிந்ததும் சுவரில் வாள்களைக் காணவில்லை. அலுமாரியும் திறந்து கிடந்தது. கமீலாவின் வீட்டு வளவில் சரீப் ஓடாவி வாப்பாவின் வாளால் தென்னை அறுக்க, இவர் மரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரை மணிக்கொருதரம் "மெல்ல, மெல்ல" என்றாராம். ஓடாவிக்கு அல்லாஹ் பொறுமையைக் கொடுக்கட்டும்.

21.05.1979

கூரை ஏறிவிட்டது. இவர் அறுத்த இரண்டு சலாகை மட்டும் கோணல். அது மரத்தின் பிழையாம்.

17.06.1979

நிக்காஹ் முடிந்தது. சின்னப்போடி தயிர்ச்சட்டியோடு வந்தார். மணிக்கூட்டை இவர் கையில் வைத்து, "தம்பிக்கு அண்டைக்கு என்ன நடந்த எண்டு எங்களுக்கு ஒரே யோசினை" என்றார். எனக்கும் அதே யோசினைதான், கலியாண நாளிலிருந்து.

பின்னேரம் புது மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த வாளைக் கண்டு, "நல்ல பழைய சாமான் போல. எந்த நாட்டு வாள், காக்கா?" என்று அண்ணன் முறையில் இவரைக் கேட்டார். நான் தலையில் கை வைத்தேன். இனி மூக்கு, பித்தளை, ஆப்பிள், ராணி என்று மஃரிப் தொழுகை வரை போகும்.

இவர் வாளைப் பார்த்தார்.

"எங்கட மாமாட வாள்" என்றார். ராணியும் வரவில்லை, ஆப்பிளும் வரவில்லை.

நான் குசினிக்குள் போய், அடுப்படியில் கண்ணைத் துடைத்துவிட்டு வந்தேன்.