விசில் என் கழுத்தில்தான் இருந்தது

என் செல்லச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீ சுகமா என்பதை அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். உன் போன் வந்தால் துணி துவைக்கும் மிஷினை ஓடவிட்டு அதை ஒட்டி நின்று பேசுகிறார், எனக்குக் கேட்கக் கூடாதாம், ஒரே சட்டையை இந்த வாரம் மூன்று தடவை துவைத்தாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் நறுக்குவேன், கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் சொல்ல வசதி. மாடித் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, அப்பா கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டுத் தன் கண்ணாடியைத் தானே மிதித்து உடைத்துக்கொண்டார். பார்த்தாயா, நீ என்னோடு பேசிப் பதினோரு வாரமாகிறது, அதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டுத் தொட்டிக் கதை சொல்கிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாய். ஆபீஸ் கார் நிறுத்துமிடத்துப் படிக்கட்டில் ஒருத்தன் கையை முறுக்கிப் பையைப் பிடுங்கிட்டான்மா, மணிக்கட்டு உடைஞ்சிருச்சு என்று அழுதாய். பெற்றவள் வாயில் முதலில் என்ன வர வேண்டும்? எனக்கு வந்தது, எந்தக் கையைப் பிடிச்சான் என்ற கேள்வி. இடது கை என்றாய். கட்டைவிரல் பக்கமா வெட்டி இழுத்தா விட்டிருப்பானே, ஏழாவது படிக்கிறப்பவே சொல்லிக்கொடுத்தேனே என்றேன். இல்லம்மா, அவன் இன்னொரு... என்று நீ ஏதோ சொல்ல வந்தாய், நான் விடவில்லை. பி.டி. டீச்சர் பொண்ணு மரம் மாதிரி நின்னேன்னு வெளியில சொல்லிடாதே என்றேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. நீ போனை வைத்துவிட்டாய், நான் அப்பாவிடம் சிக்னல் போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் ஒன்று நடந்தது. தொடர் ஓட்டத்துக்கு ஒரு பெண்ணை எடுக்கவில்லை என்று அவள் அப்பா காலையிலேயே விளையாட்டுச் சாமான் அறைக்குள் வந்துவிட்டார். கத்தினார், கத்திக்கொண்டே அலமாரியிலிருந்த, குண்டு எறிதல் போட்டிக்கான இரும்புக் குண்டைக் கையில் தூக்கிவிட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேஜைகூட இல்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தற்காப்பு சொல்லிக்கொடுக்கிற உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பந்துக்குக் காற்றடிக்கிற பம்ப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். என் வகுப்பு எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும், நான் விசில் ஊதுவேன், பிறகுதான் ஒருத்தி பிடிப்பாள், மறுபடி ஊதினால் இன்னொருத்தி உதறுவாள். அந்த விசிலுக்குத்தான் நானும் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல. விசில் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பெருக்க வந்த ஆயாம்மா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, அண்ணே அது ரொம்பக் கனம், கீழ வெச்சுட்டுப் பேசுங்க என்றார், பால் கணக்குப் பேசுகிற குரலில். அந்த ஆள் அப்போதுதான் தன் கையைப் பார்த்தார், வைத்துவிட்டார், உட்கார்ந்து அழவும் செய்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன், மரம் மாதிரி நின்றேன் என்று அதே வார்த்தையில் சொன்னேன். அப்போதுதான் அவர், அன்று நீ சொல்ல வந்த மீதிப் பாதியைச் சொன்னார். அவன் இன்னொரு கையில் கத்தி இருந்ததாமே. நீ அதை மட்டும் பார்த்துக்கொண்டு, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, எடுத்துக்கோங்க, நான் கத்த மாட்டேன் என்றாயாமே. நான் சொல்லிக்கொடுத்தபடி உதறியிருந்தால் அந்தக் கத்தி எங்கே இறங்கியிருக்கும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை, சிட்டு. என் பாடத்தில் வருகிற திருடனுக்கு இத்தனை வருஷமும் ஒரே ஒரு கைதான். நீ மரமாக நிற்கவில்லை, நிதானமாக நின்றாய், அதனால்தான் எனக்கு மகள் மிஞ்சியிருக்கிறாள், அந்த மகளைத்தான் நான் மரம் என்றேன். இதில் இன்னொன்று, கத்தி விஷயம் அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா, சொல்லாதீங்கப்பா என்று சத்தியம் வாங்கினாயாமே. அவ்வளவு பேசியவளுக்கா நீ இரக்கப்பட்டாய்? அதைக் கேட்டுத்தான் நான் உடைந்துபோனேன்.

இப்போது வகுப்பில் விசில் கிடையாது, மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். முதலில் மூச்சு விடப் பழகுங்கள், அவனுடைய இரண்டு கையையும் பாருங்கள், பையைக் கேட்டால் கொடுத்துவிட்டு வாருங்கள் என்கிறேன். யார் டீச்சர் சொன்னது என்று ஒருத்தி கேட்டாள், என் பெண் சொன்னது என்றேன்.

ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்கும் பயிற்சியை விட்டுவிடாதே, இடது கையால் தண்ணீர்க் குடம் தூக்காதே, அந்தப் படிக்கட்டில் தனியாக இறங்காதே. புத்தி சொல்லாமல் என்னால் ஒரு பக்கம் முடிக்க முடியாது, பொறுத்துக்கொள். நல்ல மனுஷர்கள் நடுவில் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். இனி போன் வந்தால் மிஷினை ஓடவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். என்னிடம் கொடு என்று கேட்க மாட்டேன், பக்கத்தில் நிற்பேன், உன் குரல் கேட்டால் போதும். பதினோரு வாரம் முன்னால் கேட்டிருக்க வேண்டியதை மட்டும் இப்போது கேட்கிறேன்.

ரொம்ப வலிச்சுதா, கண்ணு?

உன்
அம்மா