மலைப்பக்கம் திரும்பாத கண்

11.11.79
கோணல்மாணலான எழுத்துக்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? படிக்கப்போவதும் நான்தானே. அறுபத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் பழகிய கை. மை காய்வதற்குள் விரல் பட்டு எழுத்து கலைந்துவிடுகிறது.

கார்த்திகை தீபம் நெருங்குகிறது. அன்று அர்த்தநாரீஸ்வரர் ஓரிரு நிமிடம் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போய்விடுவார். உடனே மலைமேல் தீபம். வருடா வருடம் முன்வரிசையில் நிற்கிறேன். வீடு திரும்பினால் அந்த உருவம் நினைவில் இல்லை. "நான் வளையலைக்கூட பாத்தேன். உங்க கண்ணுதான் எப்பவும் மலைமேலயே!" என்பாள் என் மனைவி ராஜம்மாள். சாவதற்குள் ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும்.

14.11.79
வகுப்புக்குச் சென்னையிலிருந்து வேதா என்ற பெண் வந்தாள். மனம் எப்படிப் பார்க்கிறது என்று படிக்கிறாளாம். ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொன்னாள். 'ம' மின்னி மறைந்தது. சொல்லிவிட்டேன். மறுபடி பார்த்தால் வெறும் குறுக்குக் கோடுகள்.

"எழுத்து எங்கம்மா?"

"கோட்டுக்கு முன்னாடியே காட்டிட்டேனே தாத்தா. அதே அளவு நேரம்தான்."

எனக்குத் தெரியலையே! கண்ணு போச்சா? இப்பதானே படிக்கக் கத்துக்கிட்டேன் —

15.11.79
கண் போகவில்லை!

இன்று வேதாவே பெட்டிக்குள் பார்த்தாள். என்னோடு படிக்கும் சகாதேவன் பொத்தானை அழுத்தினான். அவளுக்கும் கோடுதான் தெரிந்தது. "எழுத்து கண்ணுக்கு வந்துடுது தாத்தா. மூளை அதைப் பாத்து முடிக்கறதுக்குள்ள பின்னால வர்ற கோடு மறைச்சுடுது."

பின்னால் வந்தது முன்னால் வந்ததை மறைக்குமா! பார்வைக்கும் காய நேரம் வேண்டும், என் மையைப் போல. இந்த மண்டைக்குள் இத்தனை வேலையா?

அப்போ அர்த்தநாரீஸ்வரர்? கேட்டேன். சிரித்தாள். "இது இமைக்கற நேரத்துல ஒரு துளி. அது நிமிஷக் கணக்கு. ரெண்டும் ஒண்ணில்ல தாத்தா."

இருக்கட்டும்.

22.11.79
யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பின்னால் எதுவும் வராவிட்டால்?

2.12.79
வந்தார். ஆடினார். உள்ளே திரும்பியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "அரோகரா!" என்று ஊரே மலைப்பக்கம் திரும்பியது. ராஜம்மாள் கையைப் பிடித்து உலுக்கினாள். "தீபம் ஏத்திட்டாங்க! கண்ணைத் தொறங்க, பைத்தியமா உங்களுக்கு?" திறக்கவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டே வீடு வரை நடந்தேன். கண்ணுக்குள் அவர் நின்றார்.

"அப்படி இன்னாத்த பாத்தீங்க?"

"இடப்பக்க மாலையிலேர்ந்து ஒத்தை மரிக்கொழுந்து நழுவி, ஆட்டத்துக்குத் தகுந்த மாதிரி ஆடிச்சு."

"அதை நான் பாக்கலியே..."

வாசல் கதவைச் சாத்திவைத்திருக்கிறேன். இன்னும் மலையைப் பார்க்கவில்லை. தீபம் அணைய நாள் இருக்கிறது. முதலில் இது காயட்டும். மலையைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.