மட்கார்டில் எழுதிய பெயர்

மாட்சுயாமா
பிப்ரவரி 18

யோரிக்கோவுக்கு,

இங்கே பிளம் பூத்துவிட்டது, அங்கும் பூத்திருக்கும். நீயும் என் மகன் தாகுமியும் பிரிந்த பிறகு உன்னை எப்படி அழைப்பது என்றே தெரியவில்லை. ‘மருமகளுக்கு’ என்று எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இந்தத் தாளை எடுத்தேன்.

ஏப்ரலில் ஃபுமி பள்ளிக்கூடம் போகப் போகிறாளே, அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கித்தர ஆசை. வளர்கிற பிள்ளைக்குப் பழையதே போதும். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நல்லதாக இரண்டு நிற்கின்றன. கடைக்காரிதான் விடமாட்டேன் என்கிறாள். “பேத்தி உயரம் தெரியாம சைக்கிள் வாங்க வந்துட்டீங்களா பெரியவரே? வளர்ந்துக்குவான்னு பெருசா எடுக்க இது என்ன சட்டையா? கால் தரையில ஊணணும்ல!” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். இடுப்புவரை கையைக் காட்டினேன். அது போன வருஷத்து உயரம்.

வேண்டாம் என்றால் சொல்லிவிடு, வருத்தப்பட மாட்டேன். பதில் மட்டும் போடு.

முராசே தொக்குஜி

*

குரே
பிப்ரவரி 26

முராசே அவர்களுக்கு,

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் ஃபுமிக்குத் தெரிந்துவிட்டது. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு “அளந்துட்டியா, அளந்துட்டியா” என்று உயிரை எடுக்கிறாள். அவள் கால் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். எங்கள் தெரு சரிவு. பிரேக் அவள் விரலுக்கு எட்ட வேண்டும்.

பார்சலில் தனபே ஃபுமி என்று எழுதுங்கள். இப்போது அவளுக்கும் என் குடும்பப் பெயர்தான். நீங்கள் வரவேண்டாம், சைக்கிளை அனுப்பினால் போதும்.

தனபே யோரிக்கோ

*

மாட்சுயாமா
மார்ச் 9

யோரிக்கோவுக்கு,

நூலைப் பார்த்ததும் பயந்தே போனேன். இவ்வளவு வளர்ந்துவிட்டாளா!

சிவப்பு சைக்கிள் கண்ணைப் பறித்தது, ஆனால் பிரேக் கல் மாதிரி இருந்தது. நீலத்தில் கீறல் இருக்கிறது, பிரேக் சுண்டுவிரலுக்கே பிடிக்கிறது. நம்பிக்கை வராமல் நானே சந்தில் ஓட்டிப் பார்த்தேன். முட்டி தாடையில் இடித்தது. “சர்க்கஸ்ல சேர்ந்துட்டீங்களா?” என்றாள் கடைக்காரி.

நீலத்தையே எடுத்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்டால் பெயரெழுதிக் கப்பலில் போட்டுவிட்டேன். நீ சொன்னபடி நான் வரவில்லை.

தொக்குஜி

*

மாட்சுயாமா
மார்ச் 17

யோரிக்கோவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஏன் என்று இன்றுதான் புரிந்தது.

கடைக்காரி வழியில் பார்த்து, “புள்ள பேரை எழுதினீங்கதானே? பேரில்லாத சைக்கிள் ஊர் சொத்தாயிடும்” என்றாள். “பளிச்சுன்னு எழுதியிருக்கேன், முராசே ஃபுமின்னு” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

அம்மா, பார்சலில் சரியாகத்தான் எழுதினேன். மட்கார்டில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. குழந்தைக்கு உரிமை கொண்டாடுகிறான் கிழவன் என்று நினைத்துவிடாதே. தின்னர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். திருப்பி மட்டும் அனுப்பிவிடாதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

தொக்குஜி

*

குரே
மார்ச் 22

மாமாவுக்கு,

சைக்கிள் அளவு சரியாக இருக்கிறது. இரண்டு காலும் ஊன்றுகிறது.

பெயரைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. துணியும் தின்னருமாக உட்கார்ந்தேன். ஃபுமி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இது என் பழைய பேரு. தாத்தா இன்னும் அதையேதான் வச்சிருக்காரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “தனியாவா?” என்றாள். அதற்குமேல் என்னால் துடைக்க முடியவில்லை.

ஆனால் பள்ளியில் சரியான பெயர் இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதை நீங்களே வந்து அழியுங்கள். புதுப் பெயரையும் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக் கப்பலுக்கு நாங்கள் துறையில் நிற்போம். பெயின்ட் கொண்டுவாருங்கள், இங்கே அந்த வெள்ளை கிடைக்கவில்லை.

யோரிக்கோ