பொங்கல் விழாவில் ஒரு கைதட்டல்

17 ஜனவரி 1994, திங்கள். சுகர் லேண்ட்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக உயிர்விட்ட தலைவரின் பிறந்தநாள் விடுமுறையில்தான் எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது. அவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேச எனக்கு இடம் தந்திருந்தார்கள். அதற்காகவே பக்கத்து வீட்டு டோரதியை அழைத்துப் போனேன். அந்தத் தலைவரின் ஊர்வலங்களில் நடந்த கறுப்பினப் பெண் அவள்.

"டைம் இல்ல ஆன்ட்டி, நெக்ஸ்ட் இயர் பாத்துக்கலாம்," என்றார் செயலாளர். பிறகு மைக்கில், "யாரோ பொறந்தாரு, நமக்கு லீவு!" என்றார். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. காந்தி ஜெயந்தியை இப்படிச் சொன்னால் சும்மா இருப்போமா?

தலைவரைப் புகழ்கிறார்கள் என்று நினைத்து, தமிழ் தெரியாத டோரதி எழுந்து நின்று தட்டினாள். காரில், அந்த வரியை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னாள். நாளைக்குச் சொல்வதாகச் சொன்னேன். நாளை செயலாளரை அவள் வீட்டுக்கு அழைத்துப் போவேன். அவரே சொல்லட்டும்.