இல்லாத பாலத்துக்குத் திறப்பு விழா நடத்தியது தொடர்பாக

அனுப்புநர்
தையற்கடை உரிமையாளர்,
கால்வாய்த் தெரு, வடகரை.

பெறுநர்
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: தெரு நாடகம் போட்டதற்காக என் மீதும் என் நாத்தனார் மீதும் பதிவான வழக்கை நீக்கவும், பறிமுதல் செய்த கத்திரிக்கோலைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவுக்கும் அரசு மருத்துவமனைக்கும் நடுவே கால்வாய் ஓடுகிறது. அதன் மேலிருந்த பாலம் இடிந்தபோது, புதுப் பாலம் வரும்வரை என்று சொல்லி இரண்டு பலகைகளைப் போட்டார்கள். பலகைகள் இன்னும் இருக்கின்றன. என் கணவரின் தங்கை அந்த மருத்துவமனையில் செவிலியர். மழை நாளில் வேலைக்குப் போகும்போது பலகை வழுக்கி, கால் முறிந்து கால்வாயில் கிடந்தார். தூக்கிவிட்டவர்களும், "பாத்து நடக்கக் கூடாதா?" என்று அவரைத்தான் கேட்டார்கள். அதன்பின் அவர் யாரிடமும் பேசவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவர், சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

2. மனுக் கொடுத்து அலுத்துப்போன நான், ஒரு மதியம் அவர் படுக்கையருகே உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டே, "அவங்களுக்குத்தான் பாலம் கட்ட நேரமில்ல. நாமளே திறந்து வெச்சிடலாமா?" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். சுவர்ப் பக்கமிருந்து, "நான்தான் மந்திரி, அண்ணி" என்று குரல் வந்தது. அதற்குமேல் நான் எப்படிப் பின்வாங்குவது?

3. ஞாயிறு காலை பாலம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு நாடா கட்டினோம். நாற்காலி போட்டோம், மைக் வைத்தோம். என் நாத்தனார் தன் அண்ணனின் கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்தார். "இது நாடகம்" என்று மைக்கில் முதலிலேயே அறிவித்தேன். ஊரே சாட்சி. பிறகு அவர் பேசினார்: "மக்களே, இந்தப் பாலத்துக்குத் தூணே கிடையாது. அதனால தூண் இடிஞ்சு விழுமோங்கிற கவலையும் உங்களுக்கு வேண்டாம்!" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

4. அப்போதுதான் எங்கள் வார்டு கவுன்சிலர் வந்தார். பாலம் இடிந்த நாளிலிருந்து அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கூட்டத்தையும் நாடாவையும் பார்த்ததும் காரிலிருந்து இறங்கி, "எனக்குச் சொல்லாம யாருய்யா விழா நடத்துறது?" என்று அதட்டினார். என் நாத்தனார் கொஞ்சமும் தயங்காமல் கத்திரிக்கோலை இரண்டு கையாலும் நீட்டி, "நீங்களே வெட்டுங்க அண்ணே" என்றார். அவர் வெட்டினார். மைக்கையும் வாங்கிக்கொண்டார். "சொன்னதச் செஞ்சு முடிச்சிட்டேன். இந்தப் பாலம் என்னோட உழைப்பு. எல்லாரும் நல்லபடியா நடந்து போங்க!" என்றார். பேசியபடியே திரும்பி ஓர் அடி எடுத்து வைத்தார். உதவியாளர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் தண்ணீரில்தான் போய் விழுந்திருப்பார்.

முதலில் சிரித்தது என் நாத்தனார். கால் வலியில் முகம் சுளித்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

5. கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ ஊரெங்கும் பரவ, அன்று மாலையே வழக்குப் பதிவானது. அமைச்சர்போல ஆள்மாறாட்டம் செய்தோமாம், கவுன்சிலரை அவமதித்தோமாம். கோட்டு, நாடா, என் கத்திரிக்கோல் மூன்றையும் எடுத்துப் போனார்கள். எடுத்துப் போன காவலர் வாசலில் நின்று, "நானும் வீடியோ பாத்தேம்மா" என்று மட்டும் மெல்லச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வழக்கு முடியும்வரை, கால் சரியானாலும் வேலைக்கு வர வேண்டாம் என்று என் நாத்தனாரிடம் மருத்துவமனை சொல்லிவிட்டது. இதைத்தான் தாங்க முடியவில்லை.

6. ஐயா, அமைச்சர் வேடம் போட்டவர் நாடாவை வெட்டவில்லை. வெட்டியவர் எந்த வேடமும் போடவில்லை. இல்லாத பாலத்தைத் தானே கட்டியதாகச் சொன்னவருக்கு நாங்கள் வசனம் எழுதிக் கொடுக்கவும் இல்லை. விசாரணையில் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். வேறு சாட்சியே வேண்டாம்.

7. நேற்று அதிகாரிகள் வந்து கால்வாயை அளந்துவிட்டுப் போனார்கள். அளப்பது இது முதல் தடவை இல்லை. மகிழ்ச்சிதான், ஆனால் இன்னும் கைதட்டவில்லை.

ஆகவே வழக்கை நீக்கி, என் நாத்தனார் வேலைக்குத் திரும்ப வழி செய்யுமாறும், என் பிழைப்புக்கான கத்திரிக்கோலைத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிறு காலை அதே இடத்தில் நாடகம் மீண்டும் நடக்கும். தங்களிடம் மறைக்க விருப்பமில்லாததால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன். போன முறையைவிடக் கூட்டம் அதிகம் வரும் என்கிறார்கள். தயவுசெய்து ஒரு காவலரைப் பலகை ஓரமாக நிறுத்தி வையுங்கள். இன்னொருவர் கால்வாயில் விழக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
தையற்கடை உரிமையாளர்

இடம்: வடகரை
நாள்: வியாழக்கிழமை